தேங்காய் எண்ணெய் ஊரில் ஏன் குதிகால் வெடிக்கிறது?

சோடியம் பிசிஏ என்று ஒரு பொருள். லோஷனோ, முகம் கழுவும் ஜெல்லோ, ஷாம்புவோ, வீட்டில் இருப்பதை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே போனால், பாதிக்கு மேல் வந்தபிறகு எங்கேயாவது அது கண்ணில் படலாம். பேரைக் கேட்டால் தொழிற்சாலை ரசாயனம் என்றுதான் தோன்றும். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் தோலும் அதன் மூலப்பொருளைத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது ஒரு அமினோ அமிலத்திலிருந்து பிறந்த பொருள், வேலை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது.

நான் காங்கேயத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவள், தோல் டாக்டர் இல்லை. அதனால் யாருக்கும் வைத்தியம் சொல்ல இதை எழுதவில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறதில் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தோல் வறண்டால் எண்ணெய் போதவில்லை என்று நம்புகிறோம். போதாமல் போவது தண்ணீர், அதைவிட முக்கியமாக அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சரக்கு. இது புரியாததால் காசு இருக்கிறவர்கள் தேவையில்லாத பாட்டிலுக்குச் செலவு செய்கிறார்கள், உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற தீர்வுகூடப் போய்ச் சேருவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் காங்கேயம் என்றால் காளைதான். உள்ளூரில் பிழைப்பு தேங்காயில் ஓடுகிறது. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கொப்பரை உலர்த்தும் களம், எண்ணெய் ஆலை. களத்தில் வேலை செய்யும் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொட்டி உடைத்து, காயவைத்து, பருப்பு தோண்டி, தரம் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கோடேயே இருக்கிறார்கள். கையைத் தொட்டால் வழுக்கும். அதே பெண்கள்தான் பித்தவெடிப்புக் களிம்பு கேட்டு வருகிறார்கள். ஒரு அக்கா செருப்பைக் கழற்றிக் காலைத் திருப்பிக் காட்டினார். குதிகாலின் ஓரம் முழுக்க மஞ்சள் பூத்த கட்டித் தோல், அதில் விரல் நகம் நுழைகிற அளவு பிளவு, பிளவின் அடியில் ரத்தச் சிவப்பு, அதுக்குள் களத்து மண். "ஏனம்மிணி, நாளெல்லாம் எண்ணெயிலயே கெடக்கறோம், அப்பறமும் காலு ஏன் இப்புடி வெடிக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, சரியான பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இதே கேள்வியை 1952-ல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்பவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். காய்ப்புத் தோலைத் துண்டு துண்டாக எடுத்து உலர்த்தினார். உலர்ந்த துண்டு வளைத்தால் ஒடியும். அதை எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊறப்போட்டார், எத்தனை நேரம் ஊறினாலும் அது மொடமொடவென்றுதான் இருந்தது. தண்ணீரில் போட்டதும் இளகி வளைந்தது. அவ்வளவுதான் சோதனை. தோலின் மேலடுக்கை மென்மையாக வைப்பது தண்ணீர்தான், எண்ணெய் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்த அடுக்கில் தண்ணீர் ஏறக்குறைய 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளையும் தன்மையை இழக்கிறது, நடக்கும்போது உடம்பு எடை விழ விழ விரிசல் விடுகிறது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முகமும் முதுகும் தானாகவே கொஞ்சம் கொழுப்பைப் பூசிக்கொள்ளும். பாதத்துக்கு அந்த வசதியும் இல்லை.

அப்படியென்றால் எண்ணெய் வீணா? கிடையாது. எண்ணெய் ஒரு மூடி. உள்ளே தண்ணீர் இருந்தால் அது சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே ஒன்றும் இல்லாத இடத்தை மூடி என்ன பயன்? எங்கள் அமுச்சி குளித்துவிட்டு வந்து, உடம்பை அரைகுறையாகத் துவட்டி, அந்த ஈரத்தின் மேலேயே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்வார். பிளாங்கின் சோதனை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் செய்த வரிசை மிகச் சரி. களத்து அக்கா காலில் படுவது உலர்ந்த தோலின் மேல் எண்ணெய், அதன் மேல் மண், அதன் மேல் வெயில்.

இப்போது தண்ணீரைப் பிடித்து வைக்கும் சரக்குக்கு வருவோம். தோலின் மேலடுக்கு என்பது செத்த செல்களின் அடுக்கு. பாதத்தையும் கையையும் விட்டால் உடம்பின் பெரும்பகுதியில் அதன் தடிமன் 20 மைக்ரான்கூட இருக்காது. செத்த செல்தானே என்று விட்டுவிடத் தோன்றும், ஆனால் சாவதற்கு முன் அந்தச் செல் செய்யும் ஏற்பாடு அபாரமானது. ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பிரதிகள் ஒன்றோடொன்று கோத்த நீளமான சரமாக அது முதலில் தயாராகிறது. செல் மேலே ஏற ஏற அந்தச் சரம் தனித்தனியாக வெட்டுப்பட்டு, உள்ளே இருக்கும் கெரட்டின் நார்களை இறுக்கிக் கட்டித் தட்டையாக்குகிறது. கட்டும் வேலை முடிந்ததும் அந்தப் புரதமே உடைந்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அப்படிப் பிரிந்ததில் குளூட்டமின் என்கிற அமினோ அமிலம் தன்னைத்தானே வளைத்து ஒரு வளையமாக மாறிக்கொள்கிறது. அந்த வளையத்தின் பெயர்தான் பைரோலிடோன் கார்பாக்சிலிக் அமிலம், சுருக்கமாக பிசிஏ. இன்னொரு பெயர் பைரோகுளூட்டமிக் அமிலம். ஹிஸ்டிடின் என்பது யூரோகானிக் அமிலமாக மாறி, வெயிலின் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. கட்டுமான வேலைக்கு வந்த புரதத்தையே கடைசியில் தண்ணீர் பிடிக்கும் வேலைக்கும் பயன்படுத்திக்கொள்கிறது தோல். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

இந்தப் பொருட்கள் எல்லாவற்றையும் சேர்த்து இயற்கை ஈரப்பதக் காரணி என்பார்கள். அதில் தனி அமினோ அமிலங்கள் சுமார் 40 சதவீதம், பிசிஏ சுமார் 12, லாக்டேட் சுமார் 12, யூரியா சுமார் 7 என்று புத்தகங்களில் கணக்கு இருக்கும். மீதி உப்பும் சர்க்கரையும் இன்ன பிறவும்.

பிசிஏ அமிலமாக இருக்கும்போது தண்ணீரை அவ்வளவாக இழுப்பதில்லை. சோடியத்தோடு சேர்ந்து உப்பாக மாறினால்தான் அந்தக் குணம் வருகிறது. வீட்டிலேயே க்ரீம் செய்து பழகும் தோழி ஒருத்தி கொஞ்சம் கொடுத்தாள். வெளிச்சந்தையில் இது பெரும்பாலும் தண்ணீரில் 50 சதவீதக் கரைசலாகத்தான் வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, கொஞ்சம் கெட்டியான சர்பத் மாதிரி ஓடுகிறது. கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு வெறும் தண்ணீர் விட்டேன். வெளியே ஆடிக் காற்று கதவை அறைந்துகொண்டிருந்தது, தண்ணீர்ச் சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிக் காணாமல் போனது. மற்றது சாயங்காலம் கடை சாத்தும்வரை சொட்டாகவே நின்றது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து நிற்குமே, அதே குணம்தான். புறங்கையில் தடவினால் கிளிசரின் அளவுக்குப் பிசுபிசுப்பு இல்லை. கம்பெனிகள் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கம்பெனிகளுக்கு இது எங்கிருந்து கிடைக்கிறது? இந்தக் கதை நம் ஊர்த் தள்ளுவண்டிக் கடை வரைக்கும் வரும். குளூட்டமிக் அமிலத்தை 1866-ல் ரிட்ஹவுசன் என்கிற ஜெர்மன் வேதியியலாளர் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்தார். 1882-ல் வேறொருவர் அதைச் சூடாக்கிப் பார்த்தபோது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுபோய், வளையமாக மூடிக்கொண்ட புதுப் பொருள் கிடைத்தது. அதுதான் பிசிஏ. 1908-ல் டோக்கியோவில் இகேதா என்கிற பேராசிரியர் கொம்பு என்னும் கடல்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் இதே குளூட்டமிக் அமிலம்தான் என்று கண்டுபிடித்தார், அதன் சோடியம் உப்புதான் அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1950-களின் நடுவில் ஜப்பானில் குளூட்டமிக் அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு கோதுமையும் வேண்டாம், கடல்பாசியும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. கரும்பு ஆலையின் கழிவுப்பாகையோ மாவுச்சத்தையோ அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போட்டால் டன் கணக்கில் எடுக்கலாம். தாய்லாந்தில் மரவள்ளி மாவைப் போட்டு எடுக்கிறார்கள். நாமக்கல், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆகும் அதே மரவள்ளி.

இதைச் சொன்னவுடன் கடையில் ஒரு பெண் பதறிப் போய்விட்டாள். ஃப்ரைடு ரைஸில் போடுவதையா மூஞ்சியில் பூசுகிறோம் என்றாள். மூலப்பொருள் ஒன்றுதான், பொருள் வேறு. அஜினமோட்டோ என்பது குளூட்டமிக் அமிலத்தின் உப்பு, இது அந்த அமிலத்திலிருந்து தண்ணீர் போய் வளையமான பிறகு வந்த பொருளின் உப்பு. அதுவும் போக, நம் உடம்பு முழுக்கக் குளூட்டமிக் அமிலம்தான். தக்காளியில் இருக்கிறது, பருப்பில் இருக்கிறது, தாய்ப்பாலில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒப்பனைப் பொருட்களின் பாதுகாப்பை மதிப்பிடும் நிபுணர் குழு 1999-ல் பிசிஏவையும் சோடியம் பிசிஏவையும் ஆராய்ந்து, பயன்படுத்தும் அளவில் பாதுகாப்பானவைதான் என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய நைட்ரோசோ வகைச் சேர்மங்கள் உருவாக வாய்ப்புள்ள கலவைகளில் சேர்க்கக்கூடாது என்பது அது. இது க்ரீம் தயாரிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. வீட்டில் செய்து விற்கிற பெண்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன், கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

தோலுக்குப் பருவம் தெரியும் என்பது இன்னொரு ஆச்சரியம். 1986-ல் ஸ்காட், ஹார்டிங் என்கிற இருவர் பிறந்த எலிக் குட்டிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். காற்றில் ஈரம் முழுக்க நிறைந்த சூழலில் வைத்தால் குட்டிகளின் தோலில் ஃபிலாக்ரின் உடையவே இல்லை. சாதாரணக் காற்றுக்கு வந்ததும் உடைந்து ஈரம் பிடிக்கும் பொருட்களாக மாறத் தொடங்கியது. வெளியே ஈரம் குறைந்தால்தான் உள்ளே தயாரிப்பு ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த உடைப்பைச் செய்யும் என்சைம்களுக்கும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், தோல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் அவையும் ஓய்ந்துவிடும். அதாவது ஒரு எல்லை தாண்டிவிட்டால் வறட்சியே வறட்சியை வளர்க்கும்.

நம் பக்கம் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம். மேற்கே மழை கொட்டும்போது இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்று மட்டும்தான். பல்லடம், தாராபுரம், உடுமலை என்று காற்றாலை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரை விடாமல் அடிக்கும், ஈரத்துணி கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் விறைத்துப்போகும். அப்புறம் மார்கழி, தை. காலைப் பனியில் உதடு வெடிக்கும், தாடை எரியும். மருந்துக்கடைக்காரிக்கு இந்த இரண்டு சீசனும் நன்றாகத் தெரியும்.

காற்றைச் சொல்லிப் பயனில்லை, நாம் செய்வதையும் பார்க்க வேண்டும். இந்த ஈரம் பிடிக்கும் பொருட்கள் எல்லாமே தண்ணீரில் கரைகிறவை. அதனால் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டும் போய்விடும். கொதிக்கக் கொதிக்க விளாவிக் குளிப்பது, உடம்பு முழுக்க இரண்டு தரம் சோப்புப் போடுவது, நார் வைத்துப் பரபரவென்று தேய்ப்பது, மூன்றும் சேர்ந்தால் தோல் பாடுபட்டுச் சேர்த்ததில் நிறையச் சாக்கடையோடு போகிறது. சாதாரண சோப்பின் காரத்தன்மை பிஎச் 9, 10 என்று இருக்கும், தோலோ 5 பக்கத்தில் இருக்க விரும்பும் லேசான அமிலம். இதற்கு மேல் நம் ஊர் சப்பைத் தண்ணீர். ஆயிரம் அடி போர் போட்டு எடுத்ததில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அவ்வளவு இருக்கிறது, சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்புப் போடுவோம். முடிந்தால் கடைசிச் செம்பு ஒன்றாவது ஆற்றுத் தண்ணீரில் ஊற்றிக்கொள்ளச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளித்த தலைமுறை உடம்பு முழுக்கத் தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டதில்லை, அதை மட்டுமாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சோப்புக்குப் பதிலாக என்ன என்று கேட்டால் அங்கேயும் இதே அமினோ அமிலம்தான் வருகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தையும் குளூட்டமிக் அமிலத்தையும் சேர்த்தால் சோடியம் கோகாயில் குளூட்டமேட் என்ற நுரைப்பொருள் கிடைக்கும். குழந்தைகளுக்கான பாடி வாஷ்களிலும், விலை கூடிய ஃபேஸ் வாஷ்களிலும் இந்தப் பேரைப் பார்க்கலாம். அழுக்கை எடுக்கும், ஆனால் தோலின் அமிலத்தன்மைக்கு நெருக்கமாகவே வைத்துத் தயாரிக்க முடியும். தேங்காயை நம்பி வாழும் ஊரில் இருந்துகொண்டு இந்தப் பேரை யாரும் அறியாமல் இருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலில் பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும், 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். அதனால் முன்பக்கம் பெரிய எழுத்தில் சோடியம் பிசிஏ என்று போட்டுவிட்டு, பின்பக்கம் வாசனைப் பொருளுக்கும் கெடாமல் வைக்கும் பொருளுக்கும் பிறகு அது வந்தால், அதில் இருப்பது மிகச் சிறிய அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பேருக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சாதாரண வறட்சிக்குக் கிளிசரின் அதிகம் உள்ள மலிவான லோஷனே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்கும் முகத்துக்கும் சோடியம் பிசிஏ உள்ளது நன்றாக இருக்கும். குதிகால் வெடிப்புக்கு யூரியா 10 சதவீதத்துக்கு மேல் உள்ள க்ரீம். யூரியாவும் தோலின் அதே ஈரப்பதக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், அளவு கூடினால் தடித்த தோலை இளக்கவும் செய்யும். ஆனால் ரத்தம் தெரிகிற ஆழமான பிளவில் நேரடியாக வைத்தால் எரியும்.

அந்த அக்காவுக்குச் சொன்னது இதுதான். ராத்திரி வேலையெல்லாம் முடிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் வையுங்கள், மண்ணை மெதுவாக எடுங்கள், பிளேடு வைத்துச் சீவாதீர்கள். துணியால் ஒற்றி எடுத்து ஈரம் இருக்கும்போதே யூரியா க்ரீமைப் பூசுங்கள். பிளவுக்குள் மட்டும் வெறும் வாசலின். அதுக்கு மேல் உங்கள் தேங்காய் எண்ணெய், அப்புறம் பருத்தி சாக்ஸ். களத்துக்குப் போகும்போது பின்பக்கம் மூடிய செருப்பு. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். இருந்திருந்தால், அல்லது வெடிப்பில் சீழோ வீக்கமோ தெரிந்திருந்தால், க்ரீம் கொடுக்காமல் நேரே டாக்டரிடம்தான் அனுப்பியிருப்பேன். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு பித்தவெடிப்பே பெரிய புண்ணாகிவிடும்.

சிலருக்கு எதைப் பூசினாலும் போதாது, அதற்குக் காரணம் அவர்கள் பழக்கமும் இல்லை, காற்றும் இல்லை. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த மரபணுக் குழு, ஃபிலாக்ரின் மரபணுவில் பிழை இருந்தால் மீன் செதில் மாதிரித் தோல் உரியும் நோயும் எக்சிமாவும் வருகின்றன என்று காட்டியது. ஐரோப்பியர்களில் பத்தில் ஒருவர் பக்கம் இந்தப் பிழையைச் சுமக்கிறார்கள். மூல புரதமே குறைவு என்றால் பிசிஏ எங்கிருந்து வரும்? இப்படிப்பட்டவர்களின் உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட அதிகமாக, ஆழமாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மாத்திரை வாங்கக் கை நீட்டும் சின்னப் பையன்களிடம் நான் அதைப் பார்த்திருக்கிறேன், கூடவே முழங்கை மடிப்பில் சொறிந்த தழும்பும் இருக்கும். "சூட்டு உடம்புங்க, பனங்கற்கண்டு குடுத்தா சரியாப் போயிரும்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். சூடு இல்லை. தோல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, தினமும் குளித்த ஈரத்தோடு க்ரீம் பூசுவதைச் சாப்பாடு மாதிரி விடாமல் செய்ய வேண்டிய பிள்ளை அது.

கடைசியாக, திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரியாக்டிவ் சாயம் துணியில் பிடிக்கச் சோடா ஆஷ் போட்டுக் காரமாக்குகிறோம், அந்தக் கரைசலிலும் ஈரத்துணியிலும் ஷிஃப்ட் முழுக்கக் கை வைத்திருக்கிறவர்களுக்கு ஈரம் பிடிக்கும் சரக்கு தோலில் எவ்வளவு உருவானாலும் தங்காது. விரல் இடுக்கெல்லாம் பிளந்து, அதிலேயே உப்பும் காரமும் இறங்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்தவருக்குக் கை காய்ந்து வெடிக்கும் என்பதை நம்பாத சூப்பர்வைசர்களைப் பார்த்திருக்கிறேன். கை கழுவும் இடத்தில் சோப்பு வைக்கிறீர்கள். சாயக் கறை போக ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ விடாதீர்கள். பக்கத்திலேயே கிளிசரினும் வாசலினும் கலந்த, வாசனை சேர்க்காத க்ரீம் ஒரு பம்ப் பாட்டிலில் வையுங்கள். ரப்பர் கையுறைக்கு உள்ளே போட மெல்லிய பருத்திக் கையுறை கொடுங்கள், வேர்வையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடியும் சேர்த்து. அந்தப் பருத்திக் கையுறைக்கு வேண்டிய பனியன் வெட்டுத்துணி உங்கள் கம்பெனியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.